அப்பாவின் என்டி-புரோபிஎன்பி 410: காரணம் இதயமா, கிட்னியா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 66, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. இந்த முறை ரத்தத்தில் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி 410 என்று வந்திருக்கிறது. எக்கோ நார்மல். மூச்சு வாங்குவதில்லை; சாயங்காலம் கணுக்காலில் சாக்ஸ் தடம் மட்டும் பதிகிறது. ஆனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 51. சிறுநீரில் புரதம் கசிவதைக் காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 180. அது 30-க்குள் இருக்க வேண்டும்.

இதயத் தசை அழுத்தத்தில் இழுபடும்போது ரத்தத்தில் கலப்பதுதான் இந்த என்டி-புரோபிஎன்பி. கிட்னியும் இதை வெளியேற்றுவதால், கிட்னி தளர்ந்தாலும் அளவு ஏறுமாம். 125-ஐத் தாண்டினால் இதயத்தைக் கவனிக்கும்படி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2022-இல் சொல்லியிருக்கிறது. இதய டாக்டரோ ‘கிட்னியாலதான்’ என்கிறார். கிட்னி டாக்டர் ‘ஹார்ட்டைப் பாருங்க’ என்கிறார். நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான் அலைகிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது என்டி-புரோபிஎன்பி, அல்புமின் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கிறதா? எத்தனை மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள்? இதயத்துக்கும் கிட்னிக்கும்கூடக் கொடுக்கிற சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் தொடங்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. எடுத்தவர்களுக்கு அல்புமின் இறங்கியதா, ஆரம்பத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியதா? மதுரைப் பக்கம் இதயம், கிட்னி இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டர் தெரிந்தாலும் சொல்லுங்கள். கை வைத்தியம் மட்டும் வேண்டாம், வாழைத்தண்டு ஜூஸைச் சித்தி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.