அவரைக்கொடி எந்தப் பக்கம் சுத்துது?

பாலக்கோடு டீச்சர்:
தம்பி மக செப்புத் தகட்டுல கீறி அச்செடுத்த எட்சிங் ஒண்ணு போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன், பாருங்க. அவரைக்கொடி. வெறும் கறுப்பு மை. ஆனாலும் அந்த முத்தின காயோட கனம் கையில தெரியுது. பூச்சி அரிச்ச இலையைப் பாத்தா மனசு என்னமோ பண்ணுது. செடிப் படம்னா அடையாளம் காட்டத்தான்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

மாரண்டஹள்ளி விவசாயி:
கொடி தப்பு டீச்சர். பந்தல் முன்னால நின்னு பாத்தா இடமிருந்து வலமாத்தான் சுத்தி ஏறும். இதுல எதிர்ப்பக்கம் போகுது. இப்பத்தான் டார்ச் அடிச்சு நாலு கொடி பாத்துட்டு வந்தேன். சுத்தறதே தெரியலைன்னா அப்புறம் என்ன கனம்?

ஓசூர் அச்சுக்காரன்:
அண்ணா, புள்ள சரியாத்தான் பாத்திருக்கு. தகட்டுல வரைஞ்சது தாள்ல இடவலம் மாறி விழும். மெழுகு பூசின செப்புத் தகட்டை ஊசியால கீறி அமிலத்துல போடுவோம். கீறின இடத்தை மட்டும் அமிலம் தின்னும். இலை நரம்பு மெலிசா போதும்னா வெளிய எடுத்து, அதை வார்னிஷால மூடிட்டு, காயோட அடிவிளிம்பை மட்டும் மறுபடி ஊறவிடலாம். அதிக நேரம் ஊறின கோடு ஆழமாகி நிறைய மை பிடிக்கும். டீச்சர் சொன்ன கனம் அந்தப் பள்ளத்துலதான் இருக்கு. இலை ஓரம் அரிச்சது, மெழுகு பேந்து அமிலமே தின்ன மாதிரி தெரியுது. அதிர்ஷ்டம்!

காவேரிப்பட்டணத்தான்:
அதிர்ஷ்டத்துக்குப் பேரு கலையா? பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்க செடிகளை ஆராய்ஞ்ச ராபர்ட் வைட்டுக்காக ஓவியருங்க ரங்கையாவும் கோவிந்துவும் வரைஞ்சதைப் பாருங்க. பூவைப் பிளந்து உள்ள இருக்கறதைத் தனித்தனியாக் காட்டியிருப்பாங்க. அந்த நுணுக்கத்துக்குத்தான் வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்து பேரை வெச்சார்.

ஓசூர் அச்சுக்காரன்:
வைட் அச்சுப் போட்டது கல்லச்சுலங்க, வழவழப்பான கல்லு மேல வரைஞ்சு அச்செடுக்கறது. அதுல அமிலக்கடி ஆழத்தால கோட்டுக்குக் கனம் ஏத்தற வேலை கிடையாது. அவங்க நுணுக்கத்தை நான் குறை சொல்லலை. இந்தப் புள்ள செடிக்கு வயசாகறதைக் காட்டப் பாக்குது, அது வேற வேலை.

மாரண்டஹள்ளி விவசாயி:
வயசு சரியாத்தான் இருக்கு. பூங்கொத்துல அடியில காய், நடுவுல வாடின பூ, நுனியில மொட்டு. நம்ம தோட்டத்துலயும் அப்படித்தான். ஆனா இடவலம் மாறும்னு தெரிஞ்சவங்க கண்ணாடியில பாத்து வரைஞ்சிருக்கலாமே?

பாலக்கோடு டீச்சர்:
கண்ணாடியைப் பாத்து வரைஞ்சா கை தயங்கும்ணா. இந்தக் கோடு தயங்காம ஓடியிருக்கு. எனக்கு அதுதான் பிடிச்சுது.

மாரண்டஹள்ளி விவசாயி:
அப்ப தகட்டுல மட்டும் சரியா சுத்துதா?

ஓசூர் அச்சுக்காரன்:
ஆமாங்கண்ணா.

மாரண்டஹள்ளி விவசாயி:
டீச்சர், தாளைக் கழட்டிட்டு அந்தத் தகட்டை மாட்டுங்க. நான் வந்து பாக்கறேன்.