அவர் போன பிறகு ஆலோசகரிடம் போனவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம்

என் வீட்டுக்காரர் தவறிப் பதினான்கு மாதம் ஆகிறது. இங்கே சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுநர், விடிகாலை 4.15க்கு அவருடைய கைப்பேசியில் அலாரம் அடிக்கும். அது இன்றைக்கும் அடிக்கிறது, ஏனென்றால் நான்தான் தினமும் ராத்திரி அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பேன். மண்டாயில் தகனம் முடிந்து, பதினாறாம் நாள் காரியமும் ஆனதும் உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான், "பிள்ளைங்களுக்காக நீ தைரியமா இருக்கணும்". நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அதற்கப்புறம் வீட்டில் அழவே முடியவில்லை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிதான் கையைப் பிடித்து, இரண்டு புளோக் தள்ளியிருக்கும் குடும்பச் சேவை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தமிழ் பேசுகிற ஆலோசகர் வேண்டும் என்று கேட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன். தயங்காமல் கேளுங்கள், இந்தத் துக்கத்தை எல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வராது.

வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் கேள்வியே, "அவர் பேர் என்னக்கா?" கல்யாணமாகி 27 வருஷத்தில் நான் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு அரை மணி நேரம் அழுதேன், அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது முறை போனபோது தாளில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் இழப்பு, இன்னொன்றில் அன்றாட வாழ்க்கை. இதற்கும் அதற்கும் மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு, 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கியது இது என்றார். அவருடைய மசேநிதி (மத்திய சேம நிதி) படிவம் நிரப்பும்போது அழுகை வரவில்லையே, அவரை மறந்துவிட்டேனோ என்று எனக்குள் ஒரு குற்ற உணர்ச்சி அரித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

அலாரத்தைப் பற்றியும் சொன்னேன். நிறுத்தச் சொல்வார் என்று பயந்தேன். "அடிச்சதும் என்ன செய்வீங்க?" என்று மட்டும்தான் கேட்டார்.

பதில்: தங்கச்சி, எனக்கு 63 வயது, மனைவி புற்றுநோயில் போய்விட்டார். மகள் வற்புறுத்தித்தான் போனேன். முதல் இரண்டு தடவையும் துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாததைப் பற்றியே பேசினேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. ஆலோசகர் அதையும் பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது தடவைதான் அவள் புடவைகளைப் பற்றிப் பேச முடிந்தது. ஆம்பளைகள் நாம் போகாமலே இருந்துவிடுகிறோம், அது தப்பு. பகலைச் சமாளித்துவிடுகிறேன், ராத்திரிதான் சிரமம்.

பதில்: அண்ணே, ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 1767க்குக் கூப்பிடுங்கள், மனக்கஷ்டத்தில் இருப்பவர்களிடம் பேசும் சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் அமைப்பு, 24 மணி நேரமும் இருப்பார்கள். எண்ணைப் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். என் அலாரம் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடிப்பதில்லை.