ஸ்காட்லாந்து பாலின அங்கீகார மசோதா: 16 வயது என்பதில் அப்படி என்ன சண்டை?

மழைக்குருவி கேட்டது:

வணக்கம். கல்லூரியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறோம். எங்கள் குழுவுக்கு வந்திருப்பது ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதா. என்னை ஆதரவு அணியில் போட்டுவிட்டார்கள். மூன்று நாளாகப் படிக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 86க்கு 39 என்ற வாக்கில் நிறைவேறியிருக்கிறது, ஆனால் இன்றுவரை சட்டமாகவில்லை. அது எப்படி?

அதைவிட எனக்குப் பிடிபடாதது வயது. சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கும் வயதை 18இலிருந்து 16 ஆக்கியதுதான் பெரிய ரகளை போலிருக்கிறது. ஒரு சாரார் பேசுவதைக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகளை நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும் சட்டம் மாதிரி இருக்கிறது, இன்னொரு சாரார் வெறும் காகிதம்தானே என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மசோதாவைத்தான் படித்தார்களா என்றே சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். எதிரணி எங்கே அடிக்கும் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய வக்கீல்:

தம்பி, முதலில் ஆபரேஷனை ஓரம் கட்டுங்கள். அந்த மசோதாவில் மருத்துவச் சிகிச்சை பற்றி எதுவும் இல்லை. பதின்வயதினருக்கு என்ன மருந்து, எப்போது என்பதெல்லாம் வேறு விவாதம். அவையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலரே இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினார்கள், நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை.

பின்கதை இதுதான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002இல் குட்வின் வழக்கில் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பாலினம் மாறி வாழ்பவரைச் சட்டத்தில் அங்கீகரிக்க ஒரு வழியே இல்லாமல் வைத்திருப்பது தவறு என்றது. அதன் விளைவாக வந்ததுதான் 2004ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும், மருத்துவர்களின் அறிக்கை வேண்டும், இரண்டு வருடம் அந்தப் பாலினமாக வாழ்ந்ததற்கு ஆவணம் வேண்டும். எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி ஒரு குழுவுக்கு அனுப்பினால், அந்தக் குழு ஆளை நேரில் பார்க்காமலேயே காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று முடிவு சொல்லும்.

ஸ்காட்லாந்து மசோதா இதைத் தலைகீழாக்கியது. குழு வேண்டாம், மருத்துவ அறிக்கை வேண்டாம், 16 வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம், விண்ணப்பம் பதிவுத்துறைத் தலைவருக்குப் போகும். மூன்று மாதம் அந்தப் பாலினமாக வாழ்ந்திருக்க வேண்டும், 16, 17 வயதினர் என்றால் ஆறு மாதம். விண்ணப்பித்த பிறகு இன்னும் மூன்று மாதம் யோசிக்க அவகாசம். பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் இரண்டு வருடம் வரை சிறை. இந்தக் கடைசி வரியை எதிரணி வசதியாக மறந்துவிடும், நீங்கள் மறக்காதீர்கள்.

சட்டமாகாத கதை சுவாரசியமானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களை எடுத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் அவை உட்கார்ந்தது. 22ஆம் தேதி முடிவு அறிவித்ததும் பார்வையாளர் மாடத்திலிருந்து 'வெட்கக்கேடு' என்று கூச்சல். அரச ஒப்புதலுக்குப் போவதற்குள், 2023 ஜனவரி 17 அன்று லண்டன் அரசு, ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் தந்த 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் 35ஆம் பிரிவைக் காட்டித் தடுத்துவிட்டது. அந்த அதிகாரத்தை அதற்கு முன் ஒருமுறைகூட யாரும் கையில் எடுத்ததில்லை. பாகுபாட்டைத் தடுக்கும் சமத்துவச் சட்டம் லண்டனின் பொறுப்பு, அதன் செயல்பாட்டை இந்த மசோதா பாதிக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஸ்காட்லாந்து அரசு கோர்ட்டுக்குப் போய் 2023 டிசம்பரில் தோற்றது, மேல்முறையீட்டையும் கைவிட்டது. கோர்ட் பார்த்தது தடை சட்டப்படி சரியா என்பதை மட்டும்தான். மசோதா நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. எதிரணி அப்படித் திரித்தால் உடனே எழுந்து நில்லுங்கள்.

இருவரின் அம்மா:

நான் எதிரணிக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பயிற்சியாகவும் இருக்கும்.

என் பெரியவளுக்கு 16 வயது. போன வருடம் அவள் உயிரைக் கொடுத்துத் தேர்ந்தெடுத்த பாடப்பிரிவு இப்போது பிடிக்கவில்லை. அதனால் அவள் சொல்வதெல்லாம் விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாட்டின் பதிவேட்டையே மாற்றும் ஒரு முடிவுக்கு இன்னும் இரண்டு வருடம் பொறு என்று சொன்னால் அது வெறுப்பாகிவிடுமா? அந்த அவையிலும் 18ஆகவே இருக்கட்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள், தோற்றது. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஆளும் கட்சியிலேயே ஒரு அமைச்சர் முதல் கட்ட வாக்கெடுப்பு அன்று பதவியை விட்டார்.

இன்னொன்று. இங்கிலாந்தில் சிறார் பாலின மருத்துவச் சேவையை ஆராய்ந்த டாக்டர் காஸ் 2022இல் கொடுத்த இடைக்கால அறிக்கையில், பெயரையும் உடையையும் மாற்றி வாழ்வதைக்கூட ஒன்றுமில்லாத விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பிள்ளையின் மனதில் அதற்கும் விளைவு உண்டு என்ற பொருளில் எழுதியிருந்தார். அப்படியிருக்க, 'வெறும் காகிதம்' என்று நீங்கள் மேடையில் சொன்னால் நான் விடமாட்டேன். வெறும் காகிதம் என்றால் அதற்கு ஏன் இத்தனை போராட்டம்?

ஆழியன்:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் திருநம்பி. வெறும் காகிதம் இல்லை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், காரணம்தான் வேறு.

17 வயதில் ஒரு நுழைவுத் தேர்வு எழுதப் போனேன். ஹால் டிக்கெட்டில் பழைய பெயர், நீளமான முடியோடு பழைய போட்டோ. வாசலில் நின்ற கண்காணிப்பாளர் டிக்கெட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். உள்ளே வினாத்தாள் கொடுக்கும் சத்தம் கேட்கிறது. நான் நடைபாதையில் நின்று, மூன்று பெரியவர்களிடம், வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் காதுபட, நான் நான்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் போனது. கடைசியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். முதல் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று இன்றும் நினைவில்லை.

18 வரை பொறு என்று சொல்வது எளிது. ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கையில் பாதிக் காகிதங்கள் அச்சாவது அந்த இரண்டு வருடத்தில்தான். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சேர்க்கைக் கடிதம். பிறகு ஒவ்வொன்றையும் திருத்த அலைய வேண்டும், ஒவ்வொரு ஜன்னலிலும் கதை சொல்ல வேண்டும். எனக்கு இப்போது 24, இன்னும் இரண்டு பாக்கி.

வீட்டில் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அவ்வளவுதான் விவாதம். அதனால் வயது 16ஆ 18ஆ என்பதைவிட, பெற்றவர் மறுத்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

பழைய வக்கீல்:

ஆழியன், நீங்கள் கேட்டதுதான் இந்தத் திரியிலேயே சரியான கேள்வி. அதற்கு நாடுகள் சொன்ன பதிலைப் பார்ப்போம்.

அயர்லாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18 ஆனவர்களுக்குச் சுய அறிவிப்பு போதும். 16, 17 என்றால் பெற்றோர் சம்மதம், மருத்துவர்களின் சான்று, கோர்ட் உத்தரவு எல்லாம் வேண்டும். நார்வே 2016இல் 16 வயதிலிருந்து தானே செய்துகொள்ளலாம் என்றது, அதற்குக் கீழே பெற்றோரோடு. ஸ்பெயினில் 2023இல் வந்த சட்டம் படிக்கட்டு மாதிரி: 16க்கு மேல் தானாக, 14 முதல் 16 வரை பெற்றோர் துணையோடு, 12 முதல் 14 வரை நீதிபதியின் அனுமதியோடு. இந்தியாவில் 2019இல் நிறைவேற்றிய சட்டத்தில் 18க்குக் கீழ் என்றால் பெற்றோரோ காப்பாளரோதான் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் மறுத்தால் என்ன என்று அந்த உட்பிரிவு பேசவில்லை.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி. 2024 ஏப்ரலில் 374க்கு 251 என்று நிறைவேற்றினார்கள், நவம்பரில் அமலுக்கு வந்தது. 14 வயதானவர் தானே அறிவிக்கலாம், ஆனால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்கள் மறுத்தால் குடும்ப நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்த்து அந்தச் சம்மதத்தைத் தானே கொடுக்கலாம். பெற்றோரையும் ஒதுக்கவில்லை, பிள்ளையையும் அவர்கள் கையில் மட்டும் விட்டுவிடவில்லை. இதே நாட்டில் 1980இல் வந்த பழைய சட்டம் 25 வயது கேட்டது, பிறகு அரசியல் சாசன நீதிமன்றம் அதை அடித்தது. வயது வரம்பு என்பது வானத்திலிருந்து வருவதில்லை என்று காட்ட இது உதவும்.

ஆனால் தம்பி, ஒரு எச்சரிக்கை. ஆழியன் சொன்ன ஹால் டிக்கெட் கதையை அப்படியே ஸ்காட்லாந்துக்குத் தூக்கிப் போகாதீர்கள். பிரிட்டனில் பெயர் மாற்ற இந்தச் சான்றிதழ் தேவையில்லை. பாஸ்போர்ட்டில் பாலினத்தை மாற்ற மருத்துவர் கடிதம் போதும். இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் மாறுவது பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு மாதிரியான சில விஷயங்கள். எதிரணி இதைப் பிடித்தால் மாட்டிக்கொள்வீர்கள்: இவ்வளவுதான் மாறும் என்றால் 16இல் என்ன அவசரம் என்பார்கள். பதிலைத் திருமணத்தில் வையுங்கள். ஸ்காட்லாந்தில் பெற்றோர் அனுமதியில்லாமலே 16இல் திருமணம் செய்துகொள்ளலாம், 16இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் உண்டு. ஓட்டுப் போட்டு அரசை மாற்றலாம், கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கல்யாணப் பதிவில் தன்னைத் தானாக எழுத முடியாது. இது எங்கே நிற்கும்?

அம்மா சொன்ன மாதிரி, எதிர்ப்பாளர்களைக் கேலி செய்யாதீர்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐநா சிறப்பு அறிக்கையாளரே இந்த மசோதா குறித்துக் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். பாலின அடையாளம் தொடர்பான ஐநா நிபுணர் மசோதாவை ஆதரித்தார். ஐநாவே இரண்டாகப் பேசியது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர்கள் கையில் அது இருக்காது. 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் என்று தீர்ப்பளித்ததையும் கட்டாயம் எடுப்பார்கள். அது வந்தது மசோதா முடங்கி இரண்டு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு.

மழைக்குருவி:

சார், தம்பி இல்லை, தங்கை :) பாலினம் பற்றிய திரியிலேயே இப்படி!

ரொம்ப நன்றி எல்லோருக்கும். இப்போது தெளிவாகிவிட்டது. 'வெறும் காகிதம்' என்ற வரியை என் பேச்சிலிருந்து அடித்துவிட்டேன். விதிப்படி ஆதரவு அணியும் ஒரு திருத்தம் கொண்டுவரலாம், அதனால் ஜெர்மனிக்காரர்களின் குடும்ப நீதிமன்ற யோசனையை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். 16க்கு மேல் தானாக, 14, 15 என்றால் பெற்றோரோடு, மறுத்தால் நீதிமன்றம். அம்மா, நீங்கள் எதிரணியில் இருந்தால் எப்படி ஓட்டுப் போடுவீர்கள்?

பழைய வக்கீல்:

மன்னிக்க வேண்டும் தங்கச்சி. நாற்பது வருட வழக்கம், எல்லோரையும் தம்பி என்றே வந்துவிடுகிறது.

இருவரின் அம்மா:

16க்கு மேல் தானாக என்பதற்கு எதிராகத்தான். ஆறு மாதம் எனக்குக் குறைவு, ஒரு வருடம் என்றால் யோசிப்பேன். நீதிமன்றம் என்ற பகுதிக்கு ஆதரவாகப் போடுவேன். ஆழியன் எழுதியதில் அவருடைய அம்மா அப்பாவைப் பார்த்தார் என்ற இடத்தை நேற்றிலிருந்து தாண்ட முடியவில்லை.

ஆழியன்:

தங்கச்சி, அந்தத் திருத்தத்தில் ஒரு வரி சேர். நீதிமன்றம் இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தேதி போடு. 14 வயதில் போட்ட மனு 16இல் விசாரணைக்கு வந்தால் அந்தப் பிரிவு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

மழைக்குருவி:

60 நாள் என்று எழுதியிருக்கிறேன் அண்ணா. வெள்ளிக்கிழமை விவாதம், முடிவை இங்கேயே வந்து போடுகிறேன்.