பழைய பியூஸ் பெட்டியை எப்போது மாற்றினீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்தான்
மூன்று நாளாக வீட்டில் கருவாட்டு வாடை. நாங்கள் கருவாடு வாங்குகிற வீடு இல்லை. எலி செத்திருக்கும் என்று பிரிட்ஜை நகர்த்தி, பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தாயிற்று. நான்காம் நாள் காலை அப்பா குளிக்க ஹீட்டரைப் போட்டுவிட்டு ரேழியில் வந்தால், மெயின் பெட்டிக்கு நேர் கீழே வாடை மூக்கைத் துளைக்கிறது. வெள்ளைப் பீங்கான் கட்டையைப் புறங்கையால் தொட்டேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்கினால் பித்தளைக் கவ்வி கறுத்து, அடியில் பேக்லைட் பலகை வெந்து உப்பியிருக்கிறது. பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் பிரி ஏழெட்டை முறுக்கி விட்டிருந்தது. "அடிக்கடி போவுதேன்னு நான்தாண்டா தடியாப் போட்டேன்" என்றார் அப்பா.

1986இல் கட்டிய வீடு. அப்போது நாலு பேன், ஆறு பல்பு, ஒரு மிக்சி. இப்போது இரண்டு ஏசி, ஹீட்டர், இன்டக்‌ஷன் அடுப்பு. பெட்டி மட்டும் அதே பெட்டி. அடுத்த வாரமே எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து அணைக்கிற சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கிற சுவிட்ச்) எல்லாம் வைத்துப் புது டிபி, அதாவது மெயின் பெட்டி, போட்டுவிட்டோம். இருந்தாலும் எங்கேயாவது கருவாடு வறுத்தால் இன்னும் சுவரைப் பார்க்கிறேன்.

ஆவடி அக்கா
என் கதை தலைகீழ். வீட்டில் எம்சிபிதான். ஏசியும் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தால் 16 ஆம்பியர் விழுந்துவிடும். வந்த எலக்ட்ரீஷியன் 32 ஆம்பியரை மாட்டிவிட்டு, "இனி விழாதுக்கா" என்றார். நிஜமாகவே விழவில்லை. பொங்கலுக்குக் காலண்டர் மாற்றும்போது பார்த்தால், அதன் பின்னால் ஒயர் போகிற தடத்தில் பெயிண்ட் கோடு போட்ட மாதிரி கொப்புளித்திருக்கிறது. சுவர் வெதுவெதுவென்று இருக்கிறது. உள்ளே ஓடுவது 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், 32 ஆம்பியரைத் தாங்காத மெல்லிசு. பாவம், அந்தப் பழைய 16 அதன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

செட்டிநாட்டுப் பெரியவர்
கும்பகோணம் தம்பி, குற்றம் பெட்டியிலா, உங்கள் அப்பா போட்ட கம்பியிலா? எங்கள் வீட்டில் 40 வருடமாகப் பியூஸ் கட்டைதான். அளவான கம்பி போட்டால் அது சரியாக அறும். பயமுறுத்தி விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

திண்டுக்கல் மாமா
ஐயா, நானும் உங்களை மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். மழை நாள், சமையலறை விளக்கு எரியவில்லை. பியூஸ் போயிருக்கும், கரண்ட் இருக்காது என்று ஈரக்கையோடு ஸ்டூலில் ஏறி ஹோல்டரைக் கழற்றினேன். கை ஒட்டிக்கொண்டது. ஸ்டூல் சாய்ந்து நான் கீழே விழுந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். பழைய பெட்டியில் பேஸுக்கு (கரண்ட் வருகிற ஒயர்) ஒரு கட்டை, நியூட்ரலுக்கு (திரும்பிப் போகிற ஒயர்) ஒரு கட்டை இருந்தது. அறுந்தது நியூட்ரல் பக்கம். விளக்கு எரியாது, ஆனால் பேஸ் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். நான் போட்டிருந்ததும் அளவான கம்பிதான் ஐயா.

கோவை இபி பித்தன்
மாமா சொல்வதுதான் விஷயம். பெரியவரே, பியூஸோ எம்சிபியோ ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. 6 ஆம்பியர் எம்சிபிக்கு உடம்பில் பாய்கிற கால் ஆம்பியர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைக்கிற ஆர்சிசிபிதான் ஆளுக்கு.

என் கதை சின்னது. ஆர்சிசிபி போட்ட முதல் வாரம் தினமும் விழுந்தது. எலக்ட்ரீஷியன் வந்தார், போனார், அப்புறம் விழவே இல்லை. ஆறு மாதம் கழித்து மூடியைக் கழற்றிப் பார்த்தால் அதைத் தொடாமல் ஒயர் நேராகப் போகிறது! கேட்டால், "நீங்கதானே சார் தொல்லைன்னு சொன்னீங்க" என்கிறார். உண்மைக் காரணம் இன்வெர்ட்டர். அதன் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் கலந்திருந்தால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் கணக்கு உதைக்கும், உடனே விழும். பிரித்துக் கட்டினால் சரி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டிபி மாற்றும்போதே ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனி லைன் இழுத்துவிடுங்கள், இன்னொரு தடவை சுவரை உடைக்க வேண்டாம். லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுங்கள். எர்த் குழியை ஒரு முறை பாருங்கள். பல வீட்டில் டைல்ஸ் ஒட்டும்போது அதையும் சேர்த்து மூடியிருப்பார்கள். ஆவடி அக்கா, முதலில் அந்த 32ஐக் கழற்றுங்கள். அப்புறம் எல்லோரும் ஆர்சிசிபியில் இருக்கிற 'டி' பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். டப்பென்று விழ வேண்டும்.

கும்பகோணத்தான்
அண்ணே, இப்போதுதான் போய் அமுக்கினேன். விழவில்லை. மூன்று தடவை அமுக்கியாயிற்று. எங்கள் வீட்டிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. போட்ட ஆளுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன், எடுக்கவில்லை.