மிகுபுனைவுக் கதைகள் துக்கத்தை ஆற்றுமா?

ஓடக்காரன்:
அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. மனம் தேற மிகுபுனைவு (ஃபேன்டசி) படியுங்கள் என்று பலரும் சொன்னார்கள். படித்தேன், கோபம்தான் வந்தது. சி. எஸ். லூயிஸின் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் சாகக் கிடக்கும் அம்மாவை ஒரு மந்திர ஆப்பிள் பிழைக்கவைக்கிறது. லூயிஸின் அம்மா 1908இல், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இறந்துபோனார். தனக்குக் கிடைக்காததைக் கதையில் எழுதிக்கொண்டார், அது புரிகிறது. ஆனால் என் அப்பாவுக்கு ஆப்பிள் வரவில்லையே. இதில் நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நடுநிசி வாசகி:
ஆப்பிளுக்கு முன்னால் ஒரு இடம் வரும். அம்மாவைக் காப்பாற்றச் சொல்லி அஸ்லான் என்ற மந்திரச் சிங்கத்திடம் கெஞ்சும் மகன் டிகோரி, அதன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான். அதன் கண்ணில் தன் கண்ணீரைவிடப் பெரிய துளிகள். என் அம்மா இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் 'தைரியமாக இரு' என்றார்கள். கூட உட்கார்ந்து அழுதவள் ஒருத்திதான். அந்தப் பக்கத்தில் எனக்கு அவள் ஞாபகம் வந்தது.

அப்புறம், எல்லாக் கதையிலும் ஆப்பிள் கிடைப்பதில்லை. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோவுக்கு அக்டோபர் 6 அன்று தோளில் கத்தி இறங்குகிறது. போர் முடிந்து வீடு திரும்பிய பிறகும் அதே தேதியில் வலி வருகிறது. ஊரே மீண்டுவிட்டது, அவன் மீளவில்லை. கடைசியில் கப்பலேறிப் போகிறான். டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். நெருங்கிய பள்ளித் தோழர்கள் இருவரை அந்த ஒரே வருடத்தில் பறிகொடுத்தவர். எல்லாம் ஆறிவிடும் என்று அவர் எழுதவில்லை.

ஓடக்காரன்:
தேதி விஷயம் உண்மைதான். நாள்காட்டியைப் பார்ப்பதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஃப்ரோடோவுக்கு ஒரு கப்பல் இருந்தது. நான் மறுநாள் காலை வேலைக்குப் போனேன்.

சாம்பல் பறவை:
கப்பலை வழியனுப்பிவிட்டு ஃப்ரோடோவின் தோழன் சாம் வீடு திரும்புகிறானே, அவன் நம்மைப் போலத்தான். சாப்பாடு காத்திருக்கிறது, மகளை மடியில் வைக்கிறார்கள், வந்துவிட்டேன் என்கிறான். புத்தகம் அதோடு முடிகிறது.

எனக்குக் கைகொடுத்தது பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. அம்மாவின் நோயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பையனிடம் மரமொன்று பூதமாக வந்து, மறைத்துவைத்த உண்மையைச் சொல் என்கிறது. 'இது சீக்கிரம் முடிந்தால் போதும்' என்று நினைத்துவிட்டேன், அதுதான் அவன் உண்மை. அண்ணனோடு நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்தபோது நானும் அப்படி நினைத்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஓடக்காரன்:
அதற்கு பூதம் எதற்கு? நேரான கதையிலேயே சொல்லலாமே.

சாம்பல் பறவை:
மனிதர்களிடம் சொன்னால் அவர்கள் முகம் மாறும். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறோம். மரம் அதைக் கேட்டு அதிர்ச்சி அடையாது. வலி தீர வேண்டும் என்று ஏங்குவதும் அம்மா பிழைக்க வேண்டும் என்று ஏங்குவதும் ஒரே மனதில் இருக்கும் என்று அவனுக்குச் சொல்கிறது. எனக்கு அதைச் சொல்ல அதுவரை யாரும் இல்லை.

ஓடக்காரன்:
கடைசி வாரம் நானும் அப்படி நினைத்தேன்.

அந்தப் பையனின் அம்மா பிழைத்துவிடுகிறாரா?

சாம்பல் பறவை:
இல்லை.

ஓடக்காரன்:
சரி. அப்படியென்றால் படிக்கிறேன்.