கிராமத்தில் சொந்த வீடு: நாமே நின்று கட்டுவதா, மொத்தமாகக் கான்ட்ராக்டில் விடுவதா?

புதுமனை

வணக்கம். ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற சொந்த நிலத்தில், சுமார் 1000 சதுர அடியில் தரைத்தள வீடு ஒன்று கட்டப் போகிறேன். கம்பி விவரத்தோடு வரைபடம் கையில் இருக்கிறது. மொத்தக் கான்ட்ராக்ட் கேட்டதில் இரண்டு பேர் தூரம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் ஒரே தாளில் ஒரே தொகையை எழுதிக் கொடுத்தார். என்ன கம்பி, என்ன சிமெண்ட், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

அதனால் பொருளை நானே வாங்கிப் போட்டு, கொத்தனாருக்குக் கூலி மட்டும் பேசி, நானே மேற்பார்வை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகிறவன் என்பதால் வாரத்தில் இரண்டு நாள்தான் முழுதாக நிற்க முடியும். அப்பா தினமும் இருப்பார், அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கட்டி முடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மட்டப்பலகை

தயங்காமல் இறங்குங்கள் தம்பி. நான் அப்படித்தான் கட்டினேன், குடி வந்து ஆறு வருஷம் ஆகிறது. கான்ட்ராக்டர் லாபம் மிச்சம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய மிச்சம், வந்து இறங்குகிற பொருளை நாமே அளந்து வாங்குவதில் இருக்கிறது.

கம்பிக் கணக்கு ரொம்பச் சுலபம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறக்குறைய 10.7 கிலோ. கம்பியை எண்ணி, பெருக்கி, எடைச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். எனக்கு இரண்டாவது நடையில் ஏழு கம்பி குறைந்தது. இறக்கும்போதே எண்ணியதால் மறுநாளே கொண்டுவந்து போட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

மணலில் இன்னும் கவனம் வேண்டும். லேசாக ஈரமாக இருக்கும் மணல் உப்பி நிற்கும். உலர்ந்த மணலைவிடக் கால் பங்கு வரை அதிக இடம் பிடிக்கும். கன அடிக் கணக்கில் வாங்கினால் அந்தக் கால் பங்குக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். கலவைக்குப் பெட்டியால் அளந்து போடும்போதும் இதே கணக்கு இடிக்கும், மணல் குறைவாக விழும்.

தூக்குக்குண்டு

நான் கட்டடப் பொறியாளர், கான்ட்ராக்டும் எடுத்துச் செய்கிறேன். எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மட்டப்பலகை அண்ணா சொன்னதெல்லாம் நல்லபடியாக வாங்குவதைப் பற்றி. நல்லபடியாகக் கட்டுவது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சொந்தமாக நின்று கட்டுகிற ஒருவர் ஒருமுறை என்னைக் கூப்பிட்டார். தூணின் பலகையைப் பிரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அடியில் முழங்கால் உயரத்துக்கு வெறும் ஜல்லி தெரிந்தது, இடையில் கலவையே இல்லை. இடுக்கில் விரலை விட்டேன், கம்பி தட்டுப்பட்டது. அன்று மின்சாரம் இல்லாததால் கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடவில்லை, நீளமான கம்பியால் மேலே மட்டும் குத்திவிட்டு மேற்கொண்டு கொட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அன்று காலையிலிருந்து இருட்டும் வரை அங்கேயேதான் நின்றிருக்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேலே சிமெண்டைப் பூசி மூடிவிடலாம் என்று கொத்தனார் சொன்னபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நல்லவேளையாகக் கூப்பிட்டார்.

வாரத்தில் ஐந்து நாள் நீங்கள் இல்லாத இடத்தில் இது நடக்காது என்று எப்படி நம்புவீர்கள்?

மட்டப்பலகை

அதே வீடு மொத்தக் கான்ட்ராக்டில் போயிருந்தால் அந்தத் தூண் அன்று சாயங்காலமே பூசப்பட்டிருக்கும். உங்களைக் கூப்பிட ஆளே இருந்திருக்காது. பலகை பிரித்த தூணைப் பார்க்க ஒரு வீட்டுக்காரர் வந்தார் பாருங்கள், சொந்தமாகக் கட்டுவதன் பலனே அதுதான்.

தூக்குக்குண்டு

அப்படி மூடிவிடுகிற கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து மொட்டைமாடி ஒழுகினால், எழுத்தில் ஒப்பந்தம் போட்ட கான்ட்ராக்டரை நிறுத்திக் கேட்கலாம். கூலிக்கு மட்டும் ஆள் வைத்தால் கொத்தனார் சிமெண்டைக் குறை சொல்வார், கடைக்காரர் கலவையைக் குறை சொல்வார். மேற்பார்வை நீங்கள் என்பதால் கடைசியில் பழி உங்களிடமே வந்து நிற்கும். புதுமனை அந்த மூன்றாமவரை விட்டுவிடாமல், உட்கார வைத்து, பொருள் விவரம் முழுவதையும் எழுதி வாங்கலாம். கட்டப்போகும் நிலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த பிறகு பணம் என்று போடுங்கள். கடைசியில் ஒரு பங்கை மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வையுங்கள். ஒத்துக்கொள்கிறாரா பார்க்கலாம்.

தென்னந்தோப்பு

நான் ஒரு பெண். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, நானும் மாமனாரும்தான் நின்று கட்டினோம். இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். கிராமத்தில் கொத்தனார் நமக்குத் தெரிந்தவராக இருப்பார். நாளைக்கும் அதே தெருவில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். தெரிந்தவரிடம் "இது சரியில்லை, பிரித்துக் கட்டுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

கூரை கான்கிரீட் அன்று நடந்தது இது. மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள் என்று வரைபடம் போட்டவர் சொல்லியிருந்தார். 50 கிலோ மூட்டைக்கு அது சிமெண்டின் எடையில் பாதி. காலையில் அளவு சரியாகத்தான் போனது. பத்து மணிக்கு வெயில் ஏறியது. மேலே கலவையை இழுத்துப் பரப்புகிறவர் "கெட்டியா இருக்கு, வரமாட்டேங்குது" என்று குரல் கொடுத்தார். மிக்ஸர் பக்கத்தில் இருந்த பையன் ஒரு வாளியை அப்படியே கவிழ்த்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மேலே இருப்பவருக்கு முதுகு வலி, கீழே இருப்பவன் உதவி செய்தான், அவ்வளவுதான். ஆனால் சிமெண்டுக்குத் தேவையில்லாத அந்தத் தண்ணீர் காய்ந்ததும் அந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும்.

நான் போய் வாளியைப் பிடித்துக்கொண்டேன். மாமனாருக்குக் கோபம், ஆட்களுக்கு முகம் சுருங்கியது. மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, இந்தக் கூரைக்கு அடியில் என் பிள்ளை படுத்துத் தூங்கப் போகிறது" என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே ஏறி, இழுக்கிற இடத்தில் இன்னும் ஒரு ஆளைப் போட்டார். அதற்குப் பிறகு அளவுச் சட்டி என் கையில்தான் இருந்தது.

அதனால் தூக்குக்குண்டு அவர்களே, பொறியாளர் வந்து போய்விடுவார். அந்த வாளியைப் பிடிக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். புதுமனை, உங்கள் அப்பாவால் அது முடியுமா?

கம்பிக்கட்டு

நான் இருபது வருஷமாகக் கொத்து வேலை பார்க்கிறவன். எல்லோரும் எங்களைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

சொந்தமாகக் கட்டுகிறவர்களிடம் எங்களுக்கு உள்ள பெரிய கஷ்டம் பொருள் நேரத்துக்கு வராததுதான். காலையில் ஆறு பேர் வந்து உட்கார்ந்திருப்போம், ஜல்லி வராது. பாதை குறுகல் என்று லாரிக்காரர் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போவார். அதை உள்ளே சுமக்க ஒரு நாள் கூலி போகும். பாதையில் லாரி திரும்புமா என்பதை முதலிலேயே ஓட்டுநரைக் கூட்டி வந்து காட்டுங்கள். முதல் மழைக்குப் பிறகு அதே பாதை தாங்குமா என்றும் கேளுங்கள். சிமெண்டை மட்டும் முன்கூட்டி வாங்கிக் குவிக்காதீர்கள். மூன்று மாதம் ஆனால் அதன் பலம் கணிசமாகக் குறைந்துவிடும். தரையில் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள்.

அடுத்தது, கட்டின பிறகு மாற்றுவது. ஜன்னல் இங்கே வேண்டாம், அங்கே என்பார்கள். கூலியில் அதற்கு இடமில்லை என்றால் முகம் மாறுகிறது. மாற்றினால் இவ்வளவு என்று முதல் நாளே பேசிவிட்டால் சண்டையே கிடையாது. நடவு, அறுவடை நேரத்தில் சித்தாள்கள் வரமாட்டார்கள், அதையும் நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தோப்பு அக்கா சொன்னது உண்மை. தண்ணீர் சேர்ப்பது சோர்வில்தான். வைப்ரேட்டரும் இன்னும் இரண்டு ஆளும் இருந்தால் அந்தப் பேச்சே வராது. கூலியைக் குறைக்கிறேன் என்று ஆளைக் குறைத்தால் கலவைதான் இளகும்.

புதுமனை

எல்லோருக்கும் நன்றி. அப்பா பொறுமையானவர், ஆனால் அதட்டிச் சொல்லமாட்டார். தென்னந்தோப்பு அக்கா கேட்ட கேள்வியை இரவு முழுக்க யோசித்தேன்.

இரண்டு சந்தேகம். கான்கிரீட் காயாமல் தண்ணீர் ஊற்றுவதை அப்பா பார்த்துக்கொள்வார், எத்தனை நாள்? கூரைப் பலகைக்கு அடியில் கொடுக்கிற முட்டுகளை எப்போது எடுப்பது? வாடகை ஏறுகிறது என்று முட்டும் பலகையும் போடுகிற சென்ட்ரிங்காரர்கள் அவசரப்படுத்துவார்களாமே.

தூக்குக்குண்டு

சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசிக்கு 10 நாளாவது. 14 நாள் ஊற்றினால் நல்லது. கூரையில் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள். தூணுக்குச் சாக்கைச் சுற்றி எப்போதும் நனைந்தே வைத்திருங்கள். காலையிலும் மாலையிலும் குழாயைக் காட்டிவிட்டுப் போனால் நடுவில் காய்ந்துவிடும். தண்ணீர் குடிக்கிற தரத்தில் இருக்க வேண்டும், உப்புக் கிணற்று நீர் கம்பியை அரிக்கும்.

முட்டு, சாதாரண சிமெண்டுக்கு: தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரையிலான கூரைத் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பிபிசி என்றால் இன்னும் சில நாள் விடுங்கள். ஏழு நாளில் கான்கிரீட் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலத்தைத்தான் எட்டியிருக்கும். முழுப் பலத்தைச் சோதிப்பது 28 நாளில். முட்டு வாடகையை நாள் கணக்கில் பேசாமல் மொத்தமாகப் பேசிவிட்டால் அவசரப்படுத்த ஆள் இருக்காது.

மட்டப்பலகை

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு யாராலும் பார்க்க முடியும் என்பதைத்தான் நானும் சொல்கிறேன். இரண்டு நாளும் போதும் தம்பி. கான்கிரீட் போடுகிற நாட்களை உங்கள் விடுமுறையில் வையுங்கள். செங்கல் வேலை மற்ற நாட்களில் தானாக நடக்கும்.

தென்னந்தோப்பு

செங்கல் வேலை தானாக நடக்காது அண்ணா. எங்கள் வீட்டில் ஒரு பக்கச் சுவர் நான் ஊருக்குப் போயிருந்த மூன்று நாளில் எழும்பியது. திரும்பி வந்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்தால் ஜன்னல் அடிமட்டம் மற்ற சுவரைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. செங்கலை ஊற வைக்காமலும் கட்டியிருந்தார்கள், கலவை உதிர்ந்தது. நான்கு வரியைப் பிரித்தோம். பேஸ்மட்டத்திலிருந்து மூன்று அடி உயரத்தில் வீடு முழுக்க ஒரு மட்டக்கோடு அடித்து வைத்திருந்தால் அது நடந்திருக்காது. கதவு, ஜன்னல், அவற்றுக்கு மேலே வரும் லிண்டல் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும்.

தூக்குக்குண்டு

என் கருத்து மாறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நிற்பவர் மொத்தப் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொள்வது தவறு. இருந்தாலும் அந்தப் பக்கம் நல்ல கான்ட்ராக்டர் கிடைக்கவில்லை என்றால், மூன்று இடத்தில் மட்டும் பொறியாளர் பார்க்காமல் கலவை கொட்ட விடாதீர்கள்: அஸ்திவாரக் குழி, பிளிந்த் பீம் (பேஸ்மட்டத்தில் ஓடும் பீம்) கம்பி, கூரைக் கம்பி. குழியைப் பார்ப்பதுதான் மூன்றிலும் முக்கியம். கரிசல் மண் தட்டுப்பட்டால் உங்கள் வரைபடமே மாற வேண்டியிருக்கும், அது மழையில் விரிந்து கோடையில் சுருங்கும் மண். கூரைக் கம்பிக்கு அடியில் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் 20 எம்எம் கவர் பிளாக் இருக்கிறதா, மின்குழாயும் ஃபேன் பெட்டியும் வைத்தாகிவிட்டதா என்று கடைசி நாள் பாருங்கள். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வருகைக்கு இவ்வளவு என்று பேசினால் பல பொறியாளர்கள் வருவார்கள்.

புதுமனை

வரைபடம் போட்டவரிடம் இன்று பேசிவிட்டேன், மூன்று முறை வந்து பார்க்க ஒத்துக்கொண்டார். முதல் நாள் குழி தோண்டியதும் வருகிறார். மூன்றாமவரிடம் பொருள் விவரம் கேட்டேன், எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் கூலி கான்ட்ராக்ட்தான். கான்கிரீட் நாட்களுக்கும், சுவர் லிண்டலை எட்டும் வரைக்கும் சேர்த்து விடுப்பு கேட்டிருக்கிறேன். அந்த வாளியைப் பிடிக்க என் தங்கை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னால் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். அடுத்த வாரம் மார்க்கிங், நிலத்தில் வீட்டின் அளவைக் குறிக்கிறோம்.

கம்பிக்கட்டு

மார்க்கிங் அன்று நூல் கட்டி முடித்ததும் மூலைவிட்டம் இரண்டையும் நீங்களே டேப் பிடித்து அளங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் மூலை சரி. ஒரு மூலையில் 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்றும் பார்க்கலாம். முளைகளைக் குழி ஓரத்தில் அடிக்காமல் மூன்று அடி தள்ளி அடியுங்கள், இல்லையென்றால் தோண்டின மண் மேலே விழுந்து மறுநாள் நூல் கட்ட இடம் இருக்காது. கழிவுநீர்த் தொட்டிக்கும் அன்றைக்கே இடம் குறித்துவிடுங்கள், கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி.