எண்ணெய் மாற்றினால் நிற்கிற விஷயமா முடி கொட்டுவது?

கல்லடியிலிருந்து:

சித்திரை வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்துக் குளித்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. கிணற்றடியில் கையோடு வந்த முடியைச் சுருட்டிப் பார்த்தால் ஒரு தேசிக்காய் அளவு. மாமி பார்த்துவிட்டு, "நாவூறு புள்ள, கழிச்சு விடுவம்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அடுத்த இரண்டு மாதமும் எண்ணெய் மாற்றுவதிலேயே போனது. செவ்வரத்தை, வெந்தயம், வெங்காயச் சாறு, யார் எதைச் சொன்னாலும் வைத்தேன். தலையணை உறை நாறியதுதான் மிச்சம்.

பிறகு தோல் வைத்தியரிடம் போனேன். அவர் தலையைப் பார்க்க முதலே ஒரு கேள்வி கேட்டார்: "முடி கொட்டத் தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?" தை மாதம் எனக்கு டெங்கு. ஒரு கிழமை வாட்டில் கிடந்தேன். கடும் காய்ச்சல் வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுமாம். ஆனால் உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் அப்படியே நின்றுவிட்டுத்தான் கொட்டும். அதனால் காய்ச்சலை மறந்துவிட்டு எண்ணெயையும் ஷாம்பூவையும் சந்தேகப்படுகிறோம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் கொட்டுவதும் இதே மாதிரிதான். ஒரு நாளில் 50 முதல் 100 முடி விழுவது எல்லோருக்கும் உள்ளது. வேர் சாகவில்லை, ஆறு மாதத்தில் அடங்கும் என்றார்.

அதோடு விடாமல் இரத்தப் பரிசோதனையும் எழுதினார். தைரொயிட் சரி. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் மிகவும் குறைவு, அதுவும் முடியைக் கொட்ட வைக்குமாம். எனக்கு வருடக்கணக்காக மாதவிடாய் அதிகமாகவே போகும், இரும்பும் அதோடுதான் போயிருக்கிறது. அதை ஒரு நோயாக நான் நினைத்ததே இல்லை, அம்மாவுக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். போதாததற்குச் சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் வேறு. தேயிலை இரும்பைச் சேரவிடாது. இப்போது இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுகிறேன், தேநீரை ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கிறேன். ஆவணியில் கொட்டுவது குறைந்தது. மார்கழியில் நெற்றியோரம் குட்டி முடிகள் குத்திட்டு நின்றன. முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும், அதற்கு மேல் அவசரப்படுத்த முடியாது.

தங்கச்சிமாரே, எண்ணெய்க்குக் கொடுக்கிற காசில் முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கல்முனையிலிருந்து:

கல்லடித் தங்கச்சிக்கு முடி திரும்பி வந்தது, சந்தோஷம். என் கதை வேறு. எனக்கு 46 வயது. கொத்துக் கொத்தாக ஒரு நாளும் கொட்டவில்லை. உச்சி வகிடு மட்டும் வருடா வருடம் அகன்றது, நெற்றிக்கோடு அப்படியே இருந்தது. இது பரம்பரை வகை என்று வைத்தியர் சொன்னார். "முக்காட்டுக்குள்ள யாரு பார்க்கப் போறா" என்று வீட்டில் சொல்வார்கள். கண்ணாடி முன்னால் நிற்பது நான்தானே?

முடி வளர மினொக்சிடில் என்ற மருந்தைத் தலையில் பூசினேன். முதல் சில கிழமைகள் கூடுதலாகக் கொட்டியது, பயந்து நிறுத்தப் பார்த்தேன். ஆனால் அது மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது வருவதாம். பலன் தெரிய ஐந்து மாதம் எடுத்தது. நிறுத்தினால் வந்தது திரும்பப் போய்விடும், அதனால் தொடர்ந்து பூச வேண்டும். வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கும்போது பூசக் கூடாது. முடி நடும் சிகிச்சையையும் விசாரித்தேன். அதற்குப் பின்தலையில் அடர்த்தியான முடி வேண்டும், எனக்கு அங்கேயும் மெலிவு.

மகளின் கலியாணத்துக்கு டொப்பர் வாங்கினேன். முழு விக் இல்லை, உச்சியை மட்டும் மூடிக் கிளிப்பில் நிற்கும் துண்டு. கடையில் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்து ஏமாறாதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். மனித முடியில் செய்தது விலை கூட. ஆனால் நம் ஊர் வேர்வைக்கு அதைக் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். கிளிப்பை ஒரே இடத்தில் போட்டால் இருக்கிற முடியையும் இழுத்து அறுக்கும். இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். இறுக்கிக் கொண்டை போட்டு அதன் மேல் முக்காடு கட்டும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். காதோரம் முடி விலகுவது தெரிந்தால் கொண்டையைத் தளர்த்துங்கள். வருடக்கணக்கில் இழுபட்ட வேர் திரும்பி வராமலும் போகும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ மருந்து ஏற்றி மூன்றாவது கிழமை முடி போகத் தொடங்கியது. அதற்கு முன்னமே முடியைக் கட்டையாக வெட்டி, நிறம் ஒத்துப்போகிற செயற்கை விக் ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். முடி இருக்கும்போதே வாங்கியது நல்லதாய்ப் போயிற்று. ஒரு நாள் அம்மா பிட்டுப் பானை மூடியைத் திறந்தார். ஆவி அடித்து விக்கின் முன்பக்கம் பொசுங்கினது போலச் சுருண்டுவிட்டது. செயற்கை முடி சூடு தாங்காது, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மா அன்று நிறைய அழுதார். அதன் பிறகு அடுப்படியில் பருத்தித் துணி, வெளியே போனால் மட்டும் விக்.

கீமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் பஞ்சு மாதிரி முளைத்தது. முன்பு நேர்முடி, இப்போது சுருள். போன கிழமை அம்மா சீப்பு எங்கே என்று கேட்டார். தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.